மனப்பாடமாக இருந்த நோய்

அந்த வருடம் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில், எங்கள் வீட்டுக்குள் நான் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. எழுபதுகளின் கடைசி. மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டுப் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். புத்தகத்தைத் திறப்பேன், மூடுவேன், கொல்லைக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புவேன். யாராவது ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவேன்.

தங்கையும் அப்போது வீட்டில்தான் இருந்தாள். வேலூரில் பி.ஏ. வரலாறு. முந்தின பரீட்சையில் இரண்டு பேப்பரில் கோட்டை விட்டிருந்தாள். ரிசல்ட் வந்த அன்று தெருவே கேட்கும்படி அழுதாள், சாயங்காலம் நாலு தோசை சாப்பிட்டாள், மறுநாள் தானே அதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் விடுதியில் ஒருத்திக்கு மனசு சரியில்லை என்றால் ‘மூட் அவுட்’ என்று அறிவித்துவிட்டுப் படுத்துக்கொள்வாளாம். மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமை. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, “வேலையத்த பொண்ணுங்க” என்றேன்.

எங்கள் விடுதியில் மூட் அவுட் கிடையாது. எங்களுக்கு வருவதெல்லாம் வியாதிதான். தூக்கம் போனால் தைராய்டு, எடை குறைந்தால் காசநோய். எந்தப் பாடம் நடத்துகிறார்களோ அந்த வியாதி அந்த வாரம் எங்களில் பாதிப் பேருக்கு வந்துவிடும். ஆறு மாதத்தில் நானும் ரத்தம், சளி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டேன். எல்லாமே நார்மல். எனக்கு அழுகையே வந்தது. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் படுத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஊரிலும் படுக்க வழியில்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று மலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சந்தைக்குப் புளி கொண்டுவருகிறவர்கள் மூட்டையை இறக்கியதும் எங்கள் வீட்டுக்கு வந்து கையை நீட்டுவார்கள். அவர்கள் நாடியைப் பிடித்திருக்கும்போதே என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

பரீட்சை வந்தால் ஒருத்தி நோட்டைப் பிடிக்க இன்னொருத்தி ஒப்பிப்பது சின்ன வயதிலிருந்தே எங்கள் வழக்கம். ஒரு சந்தை நாள் மத்தியானம். தங்கை கையில் என் மனநல மருத்துவ நோட்டு. மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்டாள். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே ஒப்பித்தேன். விடியுமுன்னே விழிப்பு. பசியின்மை. எடை குறைதல். எதிலும் பிடிப்பில்லாமை. கவனம் சிதறுதல். ஒரு நிலையில் இருக்கமுடியாமை. தன்மீதே வெறுப்பு. அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே நல்ல மார்க் வாங்கியவள் நான்.

“சரியா?” என்றேன்.

அவள் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “யக்கா, செத்த நில்லு.”

“இன்னாடி?”

“இப்ப சொன்னியே, அதெல்லாம் நீதான்க்கா.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பி.ஏ. படிக்கிறவ எனக்கு வைத்தியம் பாக்குறியா? நோட்டக் குடு.”

கொடுக்கவில்லை. “எட்டு பாயிண்டு எழுதி வெச்சிக்கிற. ஏழுதான் சொன்ன.”

“மறந்துட்டேன்.”

“நேத்தும் இதத்தான் வுட்ட. முந்தாநாளும் இதத்தான் வுட்ட.”

எட்டாவதை அவள் வாசிக்கவில்லை. நோட்டை மூடி வைத்தாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். “செத்துப்போவணும்னு தோணுதாக்கா?”

வார்டில் எத்தனையோ பேரிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறோம். விடுதியில் ஒருத்தியை ஒருத்தி இப்படிக் கேட்டதே இல்லை. பேராசிரியர் காதுக்குப் போய்விடும், இவளெல்லாம் என்ன டாக்டர் என்பார்கள் என்று ஒவ்வொருத்திக்கும் பயம். எனக்கும்தான்.

வாசலில் அப்பா குரல் கேட்டது. யாரையோ அழைத்து வந்திருந்தார். “உள்ளதான் இருக்குது பாப்பா. வாங்க, வந்து கையக் காட்டுங்க.”

“ஆமா” என்றேன், தங்கைக்கு மட்டும் கேட்கும்படி.

என் கையை விடாமலேயே அவள் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “அக்காவுக்கே முடியலப்பா. அவர அனுப்பிட்டு நீ உள்ள வா.”

அப்பா வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கை சுருக்கமாகச் சொன்னாள், எட்டாவதையும் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

“பரீட்ச வருதேம்மா” என்றார்.

“பரீட்ச கெடக்குதுப்பா. எனக்கு அக்கா வேணும்” என்றாள் தங்கை. அப்போதுதான் அவள் அழுதாள்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவரப் போனார். அந்த பஸ் நேரம் அவருக்கு என்றோ தெரியும்.