யாருடைய முதுகு

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். என் புருஷன் வேலூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டுக்குப் பின்னால் கிணறு, அதை ஒட்டி மாடு இல்லாத மாட்டுக்கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து சிமெண்டில் உருவங்கள் செய்வேன். கம்பியை வளைத்து, கோழிவலை சுற்றி, அதன் மேல் கலவை பூசுவது. கலவை எந்தப் பதத்தில் இருந்தால் வெடிக்காது என்று பின்தெருக் கொத்தனார் ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். மணல் கொண்டுவந்து போடுவதும் அவர்தான்.

முதலில் ஒரு பூசணிக்காய் செய்தேன். பிறகு முறம். அப்புறம் மலைச்சரிவில் பார்த்த ஒரு பாறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, "சாமி சிலையா?" என்பார்கள். இல்லை என்றால் முகம் மாறிவிடும். சாமியும் இல்லை, விற்கவும் இல்லை என்றால் எதற்கு?

அந்த வருஷம் ஒரு முதுகு செய்தேன். ஆணின் முதுகு, கழுத்திலிருந்து இடுப்பு வரை. தலை இல்லை, கை இல்லை. அது என் புருஷனுடைய முதுகு. விடிந்ததும் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக் குளிப்பார். கொட்டகையின் தட்டி இடுக்கில் பார்ப்பேன். கயிற்றை இழுக்கும்போது தோள்பட்டைக்குக் கீழே சதை புரளும். முதுகுத்தண்டின் பள்ளம் மழைக்குப் பிறகு மலையில் தெரியும் ஓடைத்தடம் மாதிரி இருக்கும். தினமும் கொஞ்சம் பார்த்து, பார்த்ததை மறப்பதற்குள் பூசுவேன். முடித்துவிட்டுக் காட்டலாம் என்று அவரிடம் சொல்லவில்லை.

முடிவதற்குள் அவரே பார்த்துவிட்டார். டூட்டி முடிந்து வந்தவர், பூச்சு வெடிக்காமலிருக்க நான் போர்த்தியிருந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருது இது?"

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. டிக்கெட் எடுக்காதவனைக் கேட்கிற குரல். தன் முதுகு என்று தெரிந்துகொள்வார், சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"யாருதா இருந்தா உங்களுக்கு இன்னா?" என்றேன்.

அவர் சாக்கைப் போர்த்திவிட்டு உள்ளே போனார். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் சாக்கு வேறு மாதிரி மடிந்திருந்தது. இடுப்புப் பக்கம், இன்னும் காயாத பூச்சில், ஒரு விரல் தடம். கொட்டகைக்குள் யாரோ வந்து போகிறார்கள் என்று பயந்தேன். பக்கத்து வீட்டம்மாவைச் சந்தேகப்பட்டேன். தலையில்லாத உடம்பு செய்கிறாள், ஏவல் வைக்கிறாள் என்று அந்தம்மா குழாயடியில் சொன்னது என் காதுக்கு வந்திருந்தது. அந்தம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் எதற்கென்று தெரியாமல் விழித்தார்.

பிறகு ஒருநாள் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு சணல் துண்டு இருந்தது. அதில் இரண்டு முடிச்சு. எதற்கு என்று புரியவில்லை. மனசு கேட்காமல் கொட்டகைக்கு எடுத்துப்போய் முதுகின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை, முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது.

என் புருஷன் அளவெடுத்திருக்கிறார். எதற்கு? விற்கவா? யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டி மந்திரமா மாயமா என்று கேட்கவா? சணலை மறுபடி பையிலேயே வைத்தேன். இப்போது நானும் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் மணல் கொட்ட வந்தார். என் புருஷன் வழக்கத்துக்கு மாறாக வெளியே வந்து நின்றார்.

"கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

"எதுக்கு கண்டக்டர் சார்?"

"சட்டை தைக்கலாம்னு. ஒங்க அளவுதான் எனக்கும்னு தோணுச்சு."

கொத்தனார் சிரித்துக்கொண்டே திரும்பினார். இவர் அந்தச் சணலை அவர் முதுகில் வைத்தார். முடிச்சு தோளைத் தாண்டி இரண்டு விரல் அளவுக்கு வெளியே நின்றது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் செய்தது கொத்தனாரின் முதுகோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார். கொத்தனார் என்னைப் பார்த்து, "சாருக்குத் தோள் ஜாஸ்திங்க டீச்சரம்மா" என்றுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அது கொத்தனார் முதுகு இல்லை என்றானதும் இவர் கண் தெருவில் போகிற எல்லோர் மேலும் போனது. ஆசிரமத்துப் பக்கம் சட்டையில்லாமல் நடக்கும் வெள்ளைக்காரர்களைக்கூட விடவில்லை. இவ்வளவு தூரம் நினைத்தவரிடம் இனி நானாகச் சொல்ல மாட்டேன் என்ற வீம்பு எனக்கு.

கார்த்திகை தீபத்துக்கு மாமியார் கிராமத்திலிருந்து வந்தார். காலையில் குளித்துவிட்டு ஈரப் புடவையை எங்கே போடுவது என்று தேடிக் கொட்டகைக்குப் போனவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"ஏம்மா, எம்புள்ள முதுக எதுக்கு இங்க நிக்க வெச்சிருக்க?"

என் புருஷன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு ஓடினார்.

"என்னுதா? எப்படிமா சொல்ற?"

"எண்ணெ தேச்சி வுட்டவ எனக்குத் தெரியாதா? எடது தோள் எறங்கியிருக்கு பாரு. பை மாட்டி மாட்டி ஆனது. கண்ணாலத்துக்கு முன்ன இப்படி இல்ல."

மாமியார் ஈரப் புடவையை அந்தச் சிமெண்ட் முறத்தின் மேல் போட்டுவிட்டுப் போனார். இவர் அந்த முதுகின் இறங்கிய தோளைத் தொட்டுப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"எப்ப பாத்த?" என்றார்.

"நீங்க குளிக்கும்போது. தட்டி இடுக்குல."

"தினமுமா?"

"தினமும்."

"எனக்குத் தெரியாம?"

மூன்று மாதமாக அவர் என்னைச் சந்தேகப்பட்டது தப்புதான். அதற்கு முன்னால் எத்தனையோ நாள் நான் அவரை ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். அது ஒளிந்து பார்ப்பது என்று நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து கிணற்றடியில் குளிப்பதை நிறுத்தினார். வாளியில் தண்ணீர் எடுத்துப்போய் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு குளித்தார். பொங்கல் தாண்டியும் அப்படித்தான். நானும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் மட்டும் போய்ப் பேசினேன். அந்தம்மா ஒரு கிண்ணம் மோர் கொடுத்தார்.

மாசியில் ஒரு ஞாயிறு என் புருஷனே கொட்டகைக்கு வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏதாவது செய்றதுன்னா சொல்லிட்டுச் செய்."

"பாதம் செய்யட்டுமா?"

வலது காலை நீட்டினார். பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததால் விரல்களை விறைப்பாக வைத்திருந்தார். "லேசா வுடுங்க" என்றால் இன்னும் இறுக்குவார். நாலு ஞாயிறு முயன்றேன். அந்தப் பாதம் கடைசிவரை சரியாக வரவில்லை.