கையில் வந்து இறங்கிய குருவி

தொண்ணூறுகளின் நடுவில் நானும் மனைவியும் பனிநாட்டு நகரமொன்றின் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். எங்கள் பெண் குழந்தை ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்த பிறகு மனைவி தேவைக்கு மட்டுமே பேசினாள். நான் பழைய கமரா ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களில் பறவைகளைப் படமெடுக்கப் போனேன். வீட்டில் இருக்கப் பயந்துதான் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிறு அவளும் வந்தாள். மரங்களுக்கிடையே பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அவளுடைய உள்ளங்கையில் சூரியகாந்தி விதைகளைக் கொட்டி, கையை நீட்டும்படி சைகை காட்டினார். கொஞ்ச நேரத்தில் கறுப்புத் தலையுடைய சின்னக் குருவி ஒன்று அவள் விரலில் வந்து இறங்கியது. நான் கமராவைக் கண்ணில் வைத்தேன்.

"பாரமே இல்லையப்பா," என்றாள் மெதுவாக. "பிள்ளையும் இப்பிடித்தான் இருந்தவள்."

பொத்தானை அழுத்தப் போன என் விரல் அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் தாதி குழந்தையை நீட்டியபோது நான் வாங்காமல் வெளியே போய்விட்டேன். மனைவி பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாள் என்பதுகூட அன்றுவரை எனக்குத் தெரியாது.

குருவி பறந்தது. கமராவை இறக்கிவிட்டு, அதுவரை கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

"ஆரை மாதிரி இருந்தவள்?"

"உங்கட மூக்கு. நெற்றி நிறையத் தலைமயிர். நீங்கள் பாத்திருக்கலாம்."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. பனியில் நின்று அவள் சொல்லச் சொல்ல, என் மகளை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.