பன்னிரண்டாவது குழாய்

சந்தையில் கிழங்கை அரைத்து இலையில் பொதிந்து லாப்லாப் சுட்டு விற்கும் லெய்வியாவுக்கு வாய் நீளம். பக்கத்துக் கடை என்னுடையது. இருபது வருஷமாக அந்த வாயிடம் மாட்டிக்கொண்டு பிழைக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், அன்றைக்கு அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அதிகப்படி இல்லை.

எங்கள் எஃபாத்தே தீவில் குலம் அம்மா வழியாக வரும். லெய்வியா பேய்க்கணவாய்க் குலம், எட்டுக் கை உள்ள கடல் பிராணியின் பெயர். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. ஊர் எதுவானாலும் அண்ணன் தங்கைதான். தீவின் மறுகோடியில் பஸ் ஓட்டிய கால்சகாவும் அவளும் உயிருக்குயிராக இருந்தார்கள். பெரியவர்கள் பேச உட்கார்ந்தபோதுதான் அவனும் பேய்க்கணவாய் என்று தெரிந்தது. விலகினார்கள். அவன் வேறொருத்தியைக் கட்டினான். இவள் கட்டவே இல்லை.

போன வருஷம் கார்லா என்ற ஆராய்ச்சிக்காரி வந்து, சந்தையில் கடை போடும் பேய்க்கணவாய்க் குலத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரிடம் குழாயில் எச்சில் வாங்கிப் போனாள். அம்மாவிடமிருந்து மகளுக்கு அப்படியே இறங்குகிற ஒரு அடையாளம் அதில் இருக்கிறதாம். ஆதியில் யார் எங்கிருந்து படகேறி வந்தார்கள் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாமாம்.

இந்த மாதம் முடிவோடு வந்தவள் லெய்வியாவை மட்டும் தனியே கூப்பிட்டாள்.

"தனியா என்ன ரகசியம்? இங்கேயே சொல்லும்மா."

"பதினோரு பேருக்கும் ஒரே தாய்வழி. உங்களுது மட்டும் வேற அக்கா, மலகுலாத் தீவுப் பக்கம். குலத்துப் பட்டியல்லேர்ந்து உங்களை எடுத்துடறேன்."

இதில் எங்களுக்குத் தெரியாதது என்ன? புயலில் பெற்றவர்களைப் பறிகொடுத்த கைக்குழந்தையை மலகுலாவிலிருந்து தூக்கி வந்து, பாய் விரித்து, பன்றி வெட்டி, பேய்க்கணவாய்க்காரி ஒருத்தி மகளாக்கிக்கொண்டாள். அந்தச் சடங்கோடு அதுவும் பேய்க்கணவாய்தான். அந்தக் குழந்தைதான் லெய்வியாவின் அம்மா.

"அடிப்பாவி, அப்போ கால்சகாவையே கட்டியிருக்கலாமேடி!" என்றாள் எதிர்க்கடைக்காரி.

லெய்வியாவின் கை நின்றது.

"டாக்டரம்மா, இந்தத் தீவுக்கு மொதல்ல வந்தது யாரு?"

"ஆசியாப் பக்கத்து ஜனங்க."

"அப்புறம்?"

"மேற்குத் தீவுகள்லேர்ந்து வேற ஜனங்க. இப்போ உங்க எல்லார் ரத்தத்துலயும் அவங்கதான் அதிகம்."

"நாங்க பேசறது யாரு பாஷை?"

"மொதல்ல வந்தவங்களோடது."

"அப்போ பின்னால வந்தவங்க கூட்டங்கூட்டமா வந்து, பாஷையைக் கத்துக்கிட்டு, வீட்டுக்காரங்க ஆயிட்டாங்க. அவங்களை எந்தப் பட்டியல்லேர்ந்து எடுத்தே? எங்கம்மா ஒத்தப் புள்ளையா வந்தது மட்டும் உன் கண்ணை உறுத்துதா?" அவள் குரல் தாழவில்லை. "கட்டிக்க வேண்டியவனை முப்பது வருஷமா அண்ணான்னு கூப்பிடறேன். அதைக் கொடுத்துட்டு நான் பேய்க்கணவாயா நிக்கிறேன். என் குழாயை எடுத்தேன்னா பன்னெண்டையும் எடு!"

மற்ற பதினோரு பேரும் கடையைப் போட்டது போட்டபடி வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள்.

கார்லா முட்டாள் இல்லை. பேனாவை எடுத்தாள். பேய்க்கணவாய்க் குலம், பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் தத்து வழி என்று எழுதினாள். லெய்வியா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் அவளை விட்டாள்.

சந்தைச் செய்தி பஸ்ஸைவிட வேகம். சாயங்காலம் கால்சகாவ் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து நின்றான். தலை முழுக்க நரை.

"லெய்வியா, ரத்தம் வேறயாமே? அப்போ நாம..."

அவள் இலையைப் பிரித்து, இருந்ததிலேயே பெரிய துண்டாக எடுத்து வைத்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு, அண்ணா."