இருபது பேர் பார்த்த சனிக்கிரகம்

எனக்குச் சோறு போட்டது ஆவடிப் பக்கத்து ஒரு தொழிற்சாலை. அங்கே நான் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம் உண்டு. திருத்தணிக்கு அப்பால் ஒரு சிறு மலைமேல் எங்கள் வானியல் சங்கம் ஷெட் போட்டு, ஆறங்குல டெலஸ்கோப் வைத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டிக்கொண்டிருந்தது. செவ்வாப்பேட்டையில் ரயிலேறிப் போவேன். "ஓசியில ஆகாசம் காட்டப் போறான்" என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அங்கே என் வேலை நாபை, அதாவது டெலஸ்கோப்பை நகர்த்துகிற குமிழைத் திருப்புவது. பூமி சுற்றுவதால், எந்தக் கிரகத்தைக் குறிவைத்தாலும் நாம் கண் வைக்கிற ஐபீஸை விட்டு அரை நிமிடத்தில் நழுவிவிடும். மோட்டார் வாங்கச் சங்கத்துக்கு வக்கில்லை. அதனால் நானே மோட்டார்; பழகிப்போய், கண் வைக்காமலே கணக்காகத் திருப்புவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம். அன்றைக்குச் சனிக்கிரகம். திருவாலங்காட்டிலிருந்து ஒரு அரிசி மில் ஆட்கள் மேஸ்திரி முனுசாமியோடு வந்திருந்தார்கள். வேறு ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பேன்ட் போட்ட ஒரு வாத்தியார்கூட.

"சனியப் பாத்தா புடிச்சுக்காதா சாமி?" என்று ஒருவர் கேட்டார்.

"அது பாட்டுக்குச் சுத்திண்டிருக்கு. உம்மைப் பிடிக்க அதுக்கு ஏது நேரம்?" என்றார் எங்கள் செயலாளர் ரங்காச்சாரி, திருவள்ளூரில் பௌதிக ஆசிரியர்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரிடமும் "தெரியுதா?" என்பேன். "தெரியுது சார்." "ஜோரா தெரியுது." சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். மேஸ்திரியும் "பஷ்டா தெரியுது" என்றார்.

அவருக்கு அடுத்து எஸ்தர் வந்தாள். மில்லில் அரிசியில் கல் பொறுக்குகிறவள். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் தெரியல சார். இருட்டாக்கீது."

"வளையம் தெரியல? நல்லாப் பாரும்மா."

"இல்ல சார்."

பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கு நாக்கில் சனி. "இத்தனை பேருக்குத் தெரியுது, உனக்கு மட்டும் தெரியலன்னா முதல்ல கண் டாக்டரைப் போய்ப் பாரும்மா" என்றேன். வரிசையே சிரித்தது.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "இன்னா எஸ்தரு, இந்தக் கண்ண வெச்சிக்கினுதான் கல்லு பொறுக்கினியா? அரிசியில கல்லுன்னு மொதலாளி தெனம் என்னை ஏசறாரு. நாளைலேர்ந்து ஊட்லயே இரு. வேற ஆளு வெச்சிக்கிறேன்."

"என் கண்ணு நல்லாக்கீது மேஸ்திரி. அந்தக் கொழாயிலதான் ஒண்ணும் இல்ல."

அடுத்த ஆளுக்காக நாபைத் திருப்பினேன். கையில் கனமே இல்லாமல் சும்மா சுற்றியது. எத்தனை நேரமாக இப்படிச் சுற்றியதோ, கூட்டத்தில் நான் கவனிக்கவே இல்லை. குனிந்து பார்த்தேன். கும்மிருட்டு. டெலஸ்கோப் குழாயைப் பிடித்து நிறுத்துகிற கிளாம்ப் ஸ்க்ரூ லூஸாகி, குழாய் கீழே இறங்கியிருந்தது. கடைசியாக நான் கண் வைத்துப் பார்த்து இருபது பேராவது ஆகியிருக்கும். நானெல்லாம் ஒரு ஃபிட்டர்!

ரங்காச்சாரியிடம் காதோடு சொன்னேன். "சத்தம் போடாதேயும். பார்த்தவா சந்தோஷமா இருக்கா. சரி பண்ணிட்டு நடத்தும்" என்றார். எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் நல்லதாகப் பட்டது. சங்கத்தின் மானம் ஒருபுறம், என் மானம் ஒருபுறம்.

அப்போது எஸ்தரைப் பார்த்தேன். ஷெட்டின் ஓரமாக நின்று, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மலையடிவாரத்து விளக்கைப் பார்த்தாள். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். என் ஒரு பேச்சால் அவளுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்று கத்தினேன். "ஸ்க்ரூ லூஸாகிக் குழாய் இறங்கிப் போச்சு. தப்பு என்னுது. ரொம்ப நேரமா இதுல யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. இந்தம்மா சொன்னதுதான் நெஜம்."

வாத்தியார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். ரங்காச்சாரி என்னோடு அன்று பேசவே இல்லை.

ஸ்பானர் போட்டு இறுக்கி, மறுபடி குறிவைத்து, நானே பார்த்துவிட்டு எஸ்தரைக் கூப்பிட்டேன். "என்னம்மா தெரியுது?"

"சின்னதா ஒரு உருண்டை. அத்த சுத்தி ஒரு வளையம். நடுவுல சந்து உட்டுக்கினு நிக்குது, உருண்டையத் தொடவே இல்ல சார்!"

அந்தச் சந்தைத் தானாகக் கவனித்துச் சொன்னவர்கள் அதுவரை யாருமில்லை.

"காலையில வேலைக்கு வந்துடு" என்று மேஸ்திரி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

இறங்கும்போது எஸ்தர் என்னிடம் வந்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "தெரியலன்னு நான் சொன்னப்போ நீ ஒரு வாட்டி கண்ண வெச்சுப் பாத்திருக்கலாமே சார்?"

கூட்டம், நேரமாச்சு என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது பொய். அந்த வாத்தியார் "தெரியலை" என்றிருந்தால் அந்த நொடியே குனிந்திருப்பேன்.

பிறகு பல வருஷம் அந்த மலையில் நின்றேன். "தெரியுதா?" என்று யாரையும் கேட்டதில்லை. "என்ன தெரியுது?" என்றுதான் கேட்பேன். ஒன்றும் தெரியவில்லை என்று யார் சொன்னாலும், முதலில் குனிந்து பார்க்கிறவன் நான்தான்.