தங்கச்சி பிள்ளைக்குக் கொண்டுபோன பால்

தங்கச்சிக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. இரத்தினபுரியில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவளுக்குப் பால் ஊறவே இல்லை. எனக்கோ, என் மகன் குடித்து முடித்த பிறகும் சட்டை நனையும். பிறகென்ன, என் பாலைக் கொடுக்கலாமென்று பெருமையோடு கலவானையில் பஸ் ஏறிப் போய் இறங்கினேன்.

நான் பிள்ளையின் பெரியம்மா என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸியிடம் சொன்னேன். அவர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார்: "பெரியம்மா என்றாலும் அப்படியே கொடுக்க முடியாது. எச்.ஐ.வி. மாதிரிச் சில வைரஸ் பால் வழியாகப் போகும். முதலில் உங்கள் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். பிறகு பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்றுதான் கொடுப்போம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கர்ப்பமாக இருக்கும்போதே கிளினிக்கில் எல்லாம் பார்த்தாகிவிட்டதே என்றேன்.

"அதற்குப் பிறகு?" என்று மட்டும் கேட்டார்.

இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கேள்விதான் மனதைக் குடைந்தது. என் வீட்டுக்காரர் கொழும்பில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷன் என்று எந்த ரிப்போர்ட்டில் எழுதித் தருகிறார்கள்?

முடிவு வரும்வரை சொந்தப் பிள்ளைக்குப் பாலை நிறுத்த வேண்டாம் என்று மிஸ்ஸி சொல்லித்தான் அனுப்பினார். இருந்தும் மகன் வாய் வைத்தபோதெல்லாம் பாதியிலேயே எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அதோடு போனதா? நாங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்வது பிள்ளைக் காம்பராவில். அங்கே எந்தப் பிள்ளை பசியில் அழுதாலும், அந்த நேரம் வந்து நிற்கும் தாய்தான் எடுத்துப் பால் கொடுப்பாள். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பாதி என் பாலில் வளர்ந்தவள். அவள் தவழ்ந்து என் மடிக்கு வந்தபோது, காய்ச்சல் என்று பொய் சொல்லி விலக்கிவிட்டேன். எனக்கு ஏதாவது இருந்தால் இரண்டு பிள்ளைகள் போய்விடுமே.

ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து பாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தேன். அக்கா என் மகனை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பசியில கத்துனான், குடுத்தேன். காய்ச்சலுக்கு என்னா சொன்னாங்க?"

"ரத்தத்துல ஒண்ணும் இல்லையாங்க்கா."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அவர் புருஷனும் கொழும்பில்தான். மகனைத் தூக்க நீட்டிய கை பாதியில் நின்றது.

"அக்கா, பால் வழியாவும் வைரஸ் போகுமாம். நீங்களும் ஒருக்கா போய் ரத்தம் குடுத்துப் பாத்துருங்களேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. என் மகனின் வாயைப் பார்த்தார். பிறகு பாயில் கிடந்த தன் மகளைப் பார்த்தார்.

"எனக்கு ஏதும் இருந்தா இவனுக்கும் வந்திருக்குமா?"

அத்தனை நாள் நான் சுமந்த பயத்தை அவர் மடியில் இறக்கிவைத்துவிட்டு, என் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.