நியூட்ரல் மாஸ்டர்

கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் என் வீட்டுக்காரருக்கு வைத்த பட்டப்பெயர் நியூட்ரல் மாஸ்டர். பதினெட்டு வருடமாக ஒரே டிரைவிங் ஸ்கூல், டிரைவருக்குப் பக்கத்து இருக்கை. அடுத்தவர் செய்கிற தப்புக்கெல்லாம் பிரேக் மிதித்தே முழங்கால் தேய்ந்துவிட்டது. வீட்டில் நான் சத்தம் போட்டால்கூட அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

பெட்ரோல் விலை ஏறும்போது தாவி ஏறுகிறது, இறங்கும்போது நொண்டிக்கொண்டு இறங்குகிறது. ஃபீஸை ஏற்றினால் ஆள் வராது என்று பயந்த முதலாளி, மாஸ்டர்களுக்கு நாளைக்கு இவ்வளவுதான் பெட்ரோல் என்று அளவு வைத்தார். அதற்கு மேல் போனால் சம்பளத்தில் பிடித்தம். முதல் மாதப் பிடித்தத்தைப் பார்த்து நான் வீட்டில் ஆடித் தீர்த்துவிட்டேன். "ஊரெல்லாம் பொழைக்குது, உங்களுக்கு மட்டும் ஏங்க தெரியல?"

மறுநாளே தெரிந்துகொண்டார். கியர் மாற்றுவதை வண்டியை நிறுத்திவைத்தே சொல்லிக்கொடுத்தார். மேட்டுத் தெருவில் இறங்கும்போது, "நியூட்ரல் போடு, சாவியைத் திருப்பு, சும்மா உருளட்டும்" என்பார். இன்ஜின் அணைந்தால் பிரேக் இறுகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தன் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிற தைரியம். கடைசி நாள் பாடத்தில் மட்டும், "டெஸ்ட்டுல இந்த வேலை வேணாம், இன்ஜின் ஓடணும்" என்று சொல்லி, ஒரு தடவை ஒழுங்காக இறக்கிக் காட்டிவிடுவார்.

என் தங்கைக்கு அந்தக் கடைசி நாள் கிடைக்கவில்லை.

அவள் புருஷன் தவறிப்போய் இரண்டு வருடம். இரண்டு பிள்ளைகள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போகும். ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டப் பெண் தேடினார்கள். அவள் பிள்ளைகளுக்கும் அங்கே ஃபீஸ் இல்லாமல் இடம். திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். மற்றவர்கள் பாடத்தில் மிச்சம் பிடித்த பெட்ரோலில்தான் இவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாள் மிச்சம் ஒன்றும் இல்லை. விடிந்தால் டெஸ்ட். நன்றாகத்தானே ஓட்டுகிறாள் என்று விட்டுவிட்டார்; வாயால் சொல்லிவைக்கவும் மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட்டில் அவள் பக்கத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர், பின் இருக்கையில் இவர். ஏற்றத்தில் அழகாக ஏறினாளாம். இறக்கம் வந்ததும் நியூட்ரல் போட்டாள், சாவியைத் திருப்பினாள். இன்ஸ்பெக்டர் அலறியடித்துப் பிரேக்கை மிதித்தார்.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

அவள் கண்ணாடியில் இவரைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல சார். பயத்துல நானாத்தான் செஞ்சுட்டேன்."

ஃபெயில். அடுத்த டெஸ்ட்டுக்குத் தேதி கிடைக்க ஒரு மாதம். பள்ளிக்கூடம் அதுவரை காத்திருக்குமா? வேறொருத்தியை வைத்துக்கொண்டார்கள்.

டெஸ்ட் முடிந்த அன்றே இவர் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என் வேலை போயிடும். அவளையும் பாஸ் பண்ண மாட்டாங்க. ரெண்டு வீடும் பட்டினி கிடக்கணுமான்னு சும்மா இருந்துட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வண்டிய விட்டு இறங்கினதும் அவ என்ன கேட்டா தெரியுமா? 'உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?'ன்னா."

எனக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அன்று இவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? மிச்சம் பிடிக்கச் சொல்லி இவரை விரட்டியவள் நான்தானே. மனசு ஆறாமல் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.