பூதத்துக்குக் கட்டின பல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு சாண் உயரப் பூதத்தைப் பஞ்சு சுற்றி ஷூ டப்பாவுக்குள் படுக்கவைத்து, டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள் பல்லக்கா. போகிற இடம் நாத்தனார் வீடு. பேச்சு நின்று வருஷக்கணக்கான நாத்தனார். குத்தம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கேட்பதற்காக, தானே டிக்கெட் எடுத்து நாத்தனார் வீட்டுக்குப் போன பெண்பிள்ளை உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல் செட் செய்கிற லேபில் வேலை. தெருவில் யாரோ கேலியாகக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சை மேஜையில் வைத்து, ரோஜா நிற மெழுகை விளக்கில் காட்டி இளக்கி ஈறு கட்டுவாள். அதில் பல்லை ஒவ்வொன்றாக நடுவாள். மேல் வரிசை கீழ் வரிசைக்கு ஒரு நூல் முன்னால் இறங்கணும். கடைவாய்ப் பல் ஒன்றுக்குள் ஒன்று பதிந்து உட்காரணும். காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். கழுத்து வலி இப்போதெல்லாம் வலியாகவே தெரிவதில்லை; கழுத்து என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று ஆகிவிட்டது. இத்தனை பாடுபட்டுச் செய்கிறாளே, அந்தப் பல்லைப் பார்த்து யாராவது 'அட' என்று சொன்னால் போச்சு, வேலை கெட்டது என்று அர்த்தம். கட்டின பல் என்று யாருக்கும் தெரியக் கூடாது, அதுதான் தொழில். யார் கண்ணிலும் படாத வேலையைச் செய்து செய்து அவளுக்கு அலுத்துவிட்டது.

அதனால்தான் பூதம். ஒரே ஒரு சாமானாவது, பார்க்கிறவன் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போகிற மாதிரி செய்துவிடணும் என்று ஓர் ஆசை. லீவு நாளில் சமையலறை மேஜையில் களிமண்ணைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். கம்பியில் எலும்புக்கூடு, அதன் மேல் களிமண் சதை. கொம்பு, முதுகெல்லாம் முள், வளைந்த நகம். வாய் மட்டும் லேபிலிருந்து கொண்டுவந்த மிச்ச மெழுகில். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தமான வேலை.

பூத பொம்மையாகவே வார்த்து விற்கிற பொம்மைக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் இதற்கு முன்னால் செய்த பூதங்களைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா..." என்று இழுப்பார். அதற்குள் போன் அடிக்கும், இல்லாவிட்டால் உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்று அந்த மனுஷர் ஒரு நாளும் சொன்னதில்லை. பூதமும் 'ஆனா'வுமாக வீட்டுக்குத் திரும்பி வருவாள். போன வாரம் அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "புது பொம்மை செட்டுல ஒரே ஒரு இடம்தான் பாக்கிம்மா. திங்கக்கிழமை கொண்டு வாங்க. பிடிச்சா அச்சு எடுக்கிறேன். இல்லன்னா மனசுல வச்சுக்காதீங்க."

இதுவும் திரும்பினால் களிமண்ணை அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவது என்று பல்லக்கா முடிவு கட்டிவிட்டாள். கோபத்தில் கட்டின முடிவு என்றால் ஒரு டீ குடித்தால் மாறிவிடும். இது அசதியில் கட்டினது.

ஆக, திங்கட்கிழமைக்குள் யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லியாகணும். முதலில் வீட்டுக்காரரிடம் போனாள். பஸ் ஓட்டுகிறவர். டூட்டி முடிந்து வந்தால் சோபாவில் சாய்ந்த மாத்திரத்தில் கண் சொருகிவிடும்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

"சூப்பர்." கண்ணைத் திறக்கவில்லை.

"பார்த்துட்டுச் சொல்லுங்க."

ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்தார். "மூஞ்சி பிரமாதமா வந்திருக்கு."

அவள் காட்டிக்கொண்டிருந்தது பூதத்தின் முதுகுப் பக்கம்.

வெளியூரில் வேலை பார்க்கிற மகளுக்குப் படம் அனுப்பினாள். பதிலுக்கு வரிசையாக இதயங்கள் வந்து விழுந்தன. லேபில் பக்கத்து மேஜைக்காரி, "உன் கைக்கு என்னக்கா குறைச்சல்?" என்றாள். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் இவள் மேல் பாசம், எல்லோருக்கும் அவரவர் அசதி. நல்லவர்களை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வாள்?

பாத்திரம் தேய்க்கும்போதுதான் நாத்தனார் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரரின் அக்கா. தையல்காரி. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு என்று பேசுகிறவள். ஆசையாகத் துணி வாங்கிக்கொண்டு வருகிறவளிடம், "இந்தக் கலர்ல தச்சா நீ சோபாவுக்கு உறை போட்ட மாதிரி இருப்ப, மாத்திட்டு வா" என்று திருப்பி அனுப்புவாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். மீதிப் பேர் அந்த வாய்க்காகவே வந்தார்கள்.

பேச்சு நின்றது எப்படி என்றால், அதுவும் பல்லால்தான். நாத்தனாருக்குப் பல்லெல்லாம் போனபோது பல்லக்காதான் செட் செய்து கொடுத்தாள். அப்புறம் ஒரு கல்யாண விருந்தில், உறவுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பந்தியில், நாத்தனார் பட்டென்று சொன்னாள்: "நீ கட்டின பல்லு குத்துதுடி. ஒரு வாய் மெல்ல முடியல." பல்லக்காவுக்கு மானம் போயிற்று. அச்சில் வைத்துப் பார்த்தபோது இம்மி பிசகாமல் உட்கார்ந்த பல்! வாய் சும்மா இருந்ததா? "பல்லு சரியாத்தான் இருக்கு அண்ணி, உங்க வாய்தான் சரியில்ல" என்றுவிட்டாள். பந்தியே சிரித்தது. நாத்தனார் அன்றைக்கு எழுந்து போனவள்தான்.

இப்போது கதவைத் திறந்ததும் நாத்தனார் டப்பாவையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். "வா. உட்காரு" என்றாள். அவ்வளவுதான். திட்டு ஒன்றாவது விழும் என்று நினைத்து வந்தவளுக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

ஒரே அறைதான் வீடும் கடையும். ஜன்னலோரம் மெஷின், மூலையில் வெட்டுத் துணிகள், சுவரில் ஆணியடித்து மாட்டின பாதி தைத்த சட்டைகள். நாத்தனார் டீ போட்டுக் கொண்டுவந்தாள், கூடவே ஒரு தட்டில் ரஸ்க்.

"தம்பி நல்லா இருக்கானா?"

"இருக்காரு அண்ணி. தூங்குறாரு."

"அவன் எப்ப முழிச்சிருந்தான்?"

நாத்தனார் ரஸ்க்கை டீயில் முக்கினாள். முக்கிவிட்டு எடுக்கவில்லை. அது ஊறிக் கரைந்து கூழாகிற வரைக்கும் காத்திருந்து, ஸ்பூனால் வழித்து விழுங்கினாள். பல்லக்கா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி டப்பாவைத் திறந்தாள்.

"இதைப் பார்த்துச் சொல்லணும். நாளைக்குப் பொம்மைக்காரர்கிட்ட கொண்டு போறேன்."

நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூதத்தை வாங்கினாள். தையல் பிரித்துப் பார்க்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினாள். கொம்பைத் தடவினாள். வாய்ப் பக்கம் வந்ததும் கை நின்றது. ஒரு விநாடி நாத்தனாரின் உதட்டோரத்தில் அந்தப் பழைய துடிப்பு வந்த மாதிரி இருந்தது. அப்புறம் அது அடங்கிவிட்டது.

"நல்லா இருக்கு" என்று பூதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

பல்லக்கா அதை வாங்கி மேஜையில் வைத்தாள். இதற்கா இந்த வெயிலில் ரெண்டு பஸ் மாறி வந்தாள்?

"நீங்களுமா அண்ணி?" குரல் உடைந்துவிட்டது. "உலகத்துல இருக்கிறவங்க எல்லாம் எனக்கு நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. நாளைக்கு இதுவும் திரும்பி வந்தா நான் விட்டுடுவேன், அவ்வளவுதான். ஏன் திரும்புதுன்னு தெரிஞ்சுட்டு விட்டாலாவது மனசு ஆறும். நீங்க ஒருத்தர் முகத்துக்கு நேரா சொல்லுவீங்கன்னுதானே வந்தேன்?"

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கோபமே இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"ஒரு தடவ சொன்னேன். என் வாய் சரியில்லன்னு பதில் வந்துச்சு. அதோட விட்டுட்டேன்டி. இப்பல்லாம் துணி எடுத்துட்டு வர்றவங்ககிட்ட கூட நல்லா இருக்குன்னுதான் சொல்றேன். யாருக்கும் வருத்தமில்ல. எனக்கும் வேலை சீக்கிரம் முடியுது."

மெஷினில் பாதியில் நின்ற துணி காற்றில் லேசாக ஆடியது. பல்லக்கா கூழாகிப்போன ரஸ்க்கைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இப்படித்தானா?

"இப்பவும் குத்துதா அண்ணி?"

நாத்தனார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பல் செட்டைக் கழற்றினாள். அப்புறம் திரும்பி, அதை மேஜையில் பூதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பல்லக்காவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பெரிதும் சின்னதுமாக ரெண்டு வாய், ரெண்டும் ஒரே வாய். அதே வளைவு, அதே ஒரு நூல் இறக்கம், கடைவாயில் அதே பதிவு. கொம்பும் முள்ளும் வைத்த பூதத்துக்கு, கை போன போக்கில், அசல் பல் செட் கட்டிவிட்டிருந்தாள்.

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். நாத்தனாருக்குப் பல்லைக் கழற்றின பிறகுதான் சொல்லே வந்தது.

"பார்த்தியா? எந்தப் பூதம்டி டாக்டர்கிட்ட போய் அளவு குடுத்துப் பல் கட்டிட்டு வரும்? ஒரு பல்லு கோணல் இல்ல, ஒரு பல்லு ஒடையல. இது யாரைக் கடிக்கப் போகுது? வேலைக்கு இன்டர்வியூ வந்தவன் மாதிரி அடக்கமா சிரிக்குது!" குழறிக் குழறித்தான் பேசினாள், ஆனாலும் ஒவ்வொன்றும் நறுக்கென்று விழுந்தது. "உனக்கு எல்லாம் வரிசையா இருக்கணும். வாய் அப்படியாடி இருக்கு? இங்க பாரு."

நாத்தனார் குனிந்து, பல்லக்காவின் முகத்துக்கு நேரே வாயைப் பிளந்தாள்.

பல்லக்கா வாழ்நாளில் பார்த்ததெல்லாம் வெள்ளை மாவில் எடுத்த அச்சுதான். அது வலிக்கிறது என்று சொல்லாது, மூச்சுவிடாது. கட்டின பல் போய் உட்காருகிற உயிருள்ள வாயை அவளுக்கு யாரும் திறந்து காட்டினதே இல்லை. கன்னம் ரெண்டும் உள்ளே விழுந்து, உதடு சுருங்கி, ஈறு மேடும் பள்ளமுமாக, இடது பக்கம் ரத்தச் சிவப்பாக ஒரு புண். உள்ளே ஒரே இருட்டு. "ஆ" என்று நாத்தனார் ஒரு சத்தம் கொடுத்தாள், பாருங்கள், நாற்காலியோடு பின்னால் போனாள் பல்லக்கா.

"பயந்துட்டல்ல?" என்றாள் நாத்தனார். "அதைச் செய்யி."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பல்லக்காவுக்குச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை. பையிலிருந்து கத்தியை எடுத்து, பூதத்தின் முன்பல்லை நெம்பினாள். தெறித்து விழுந்தது. இன்னொன்று. கடைவாய் வரிசையை அப்படியே வழித்தெடுத்தாள். கோரைப் பல்லை உருவி, கோணலாக, வேறு யாருடைய வாயிலிருந்தோ பிடுங்கி நட்ட மாதிரி நட்டாள். கன்னத்துக் களிமண்ணைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கினாள். நாத்தனார் பக்கத்தில் நின்று, "இன்னும் அமுக்கு, இன்னும், பாவம் பார்க்காத" என்று விரட்டிக்கொண்டே இருந்தாள். வாய் திறந்துகொண்டது. இப்போது அது சிரிக்கவில்லை. பசியோடு பார்த்தது.

நாளைக்குப் பொம்மைக்காரர் என்ன சொல்வாரோ, அது அவர் பாடு.

பல்லக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பூதத்தைத் தள்ளி வைத்துவிட்டு நாத்தனாரின் பல் செட்டை எடுத்தாள்.

"பேஸ்ட் இருக்கா அண்ணி? பல் தேய்க்கிறது."

செட்டின் உள்பக்கம் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, "போட்டுக் கடிங்க" என்றாள். கழற்றிப் பார்த்தாள். எங்கும் வெள்ளையாக இருக்க, இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் பேஸ்ட் அழுந்தித் துடைபட்டுப்போய் உள்ளே ரோஜா நிறம் தெரிந்தது. புண் இருந்த அதே இடம். அச்சில் சரியாக உட்கார்ந்தது, மனுஷியைத்தான் இத்தனை வருஷம் குத்திக்கொண்டிருந்தது. களிமண் வேலைக்கு வைத்திருந்த சின்ன அரத்தால் அந்த மேட்டை ராவினாள். தூள் மடியில் உதிர்ந்தது. உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, கழுவிக் கொடுத்தாள்.

நாத்தனார் போட்டுக்கொண்டாள். தட்டிலிருந்து ஒரு ரஸ்க்கை எடுத்தாள். டீயில் முக்காமல் கடித்தாள். மெதுவாக மென்றாள். பல்லக்கா அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

"குறைஞ்சிருக்கு" என்றாள் நாத்தனார். இன்னொரு கடி கடித்து, முகத்தைச் சுளித்தாள். "ஆனா இன்னும் குத்துதுடி."

பல்லக்கா அரத்தை மறுபடி எடுத்தாள். கையை நீட்டினாள்.

"கழற்றிக் குடுங்க அண்ணி. எங்கேன்னு காட்டுங்க."